ஒளிக்கு அளவெடுத்தவர்கள்: பொதுக் கட்டடங்களில் கண்ணாடியும் உலோகமும்

பெருநாளைக்கு ஆயத்த ஆடை வாங்குபவர்களும் உண்டு. துணி வாங்கி, அளவு கொடுத்துத் தைப்பிப்பவர்களும் உண்டு. கட்டடங்களுக்கும் இந்த இரண்டு வழிகள் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் அளவில் யன்னலையும் கதவையும் வாங்கிப் பொருத்தலாம். அல்லது கட்டடம் நிற்கும் இடம், அதன்மேல் விழும் வெயில், அங்கே கூடும் மக்கள் ஆகியவற்றைப் பார்த்து, அதற்கென்றே கண்ணாடியையும் உலோகத்தையும் செய்விக்கலாம். பள்ளிவாசல், நூலகம், பாடசாலை மண்டபம் போன்ற பொதுக் கட்டடங்களுக்காக அப்படிச் செய்யப்படும் வேலையைப் பற்றியதே இக்கட்டுரை. உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் எனக்கு, பாடப்புத்தகத்தில் படித்தவற்றைக் கண்ணெதிரே காட்டும் துறையாக இது தோன்றுகிறது.

முன்னோர் செய்த வேலை

கெய்ரோவில் 1356ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்கென்றே கண்ணாடி விளக்குகள் செய்யப்பட்டன. ஊதி உருவாக்கிய கண்ணாடியின்மேல் பொன்னும் நிற எனாமலும் பூசி, மீண்டும் சூளையில் சுட்டு, சங்கிலிகளில் தொங்கவிட்டார்கள். மம்லூக் காலத்து விளக்குகள் பலவற்றில் சூரா அந்நூரில் வரும் ஒளி பற்றிய வசனம் எழுதப்பட்டிருக்கிறது. விளக்கு ஏற்றப்பட்டதும், ஒளியைப் பற்றிய வசனம் அந்த ஒளியிலேயே தெரியும்.

யன்னல்களுக்கு வேறொரு முறை இருந்தது. ஜிப்சம் பலகையில் கோலம் செதுக்கி, துளைகளில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். யன்னல் உயரத்தில் இருப்பதால், கீழே நிற்பவரின் கண்ணுக்கு ஒளி வந்து சேரும்படி துளைகளின் ஓரங்களைச் சரிவாக வெட்டினார்கள். இஸ்தான்பூலில் மிமார் ஸினான் 1557இல் கட்டி முடித்த சுலைமானிய்யா பள்ளிவாசலின் கிப்லாச் சுவரிலும் வண்ண யன்னல்கள் உள்ளன. இந்த நிறங்களைக் கொடுப்பதும் உலோகங்களே: கோபாற்று நீலத்தையும், மங்கனீசு ஊதாவையும், இரும்பு பச்சையையும் தரும். இம்முறையின் பெரிய நன்மை ஒன்றுண்டு. ஒரு துண்டு உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

எமது நாட்டிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தின் கூரைகள் செம்பினால் ஆனவை. சபா மண்டபத்தில் தொங்கும், வெள்ளி ஓலைகள் போன்ற பெரிய விளக்கை லக்கி சேனாநாயக்க அந்த மண்டபத்துக்காகவே வடிவமைத்தார்.

இரண்டும் ஒத்துப்போக வேண்டும்

கண்ணாடியும் உலோகமும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. வெப்ப விரிவுப் பாடத்தில் செய்த கணக்கையே இங்கும் செய்து பார்த்தேன். 3 மீற்றர் நீளமான அலுமினியச் சட்டத்தின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளும். அதே நீளமான கண்ணாடி 1 மில்லிமீற்றரைக்கூட எட்டாது. ஆகவே சட்டத்துக்குள் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. இடைவெளி விட்டு, இறப்பர் பட்டி வைத்தே பொருத்த வேண்டும். அந்தச் சிறிய இடைவெளியை மறந்தால், பெரிய கண்ணாடி ஒருநாள் தானாகவே வெடிக்கலாம்.

மக்கள் கூடும் இடத்தில் எந்தக் கண்ணாடி என்பதும் முக்கியம். டெம்பர் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, காற்றை வீசி விரைவாகக் குளிரவைப்பார்கள். அது உடைந்தால் கூரான துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். ஆனால் டெம்பர் செய்தபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் வேண்டிய துளைகளை முன்கூட்டியே சரியாக அளந்து போட வேண்டும். லமினேற் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்திக்குப் படலம் இருக்கும். உடைந்தாலும் துண்டுகள் அதில் ஒட்டி நிற்பதால், தலைக்கு மேலே பொருத்த அதுவே ஏற்றது.

கரையோர ஊர்களுக்கு இன்னொரு விடயம் சேர்கிறது. உப்புக்காற்றில் அலுமினியமும் உருக்கும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். துருப்பிடிக்காத உருக்கிலும் வகைகள் உண்டு. மொலிப்டினம் சேர்ந்த 316 என்னும் வகை கடற்காற்றை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும்.

பரிஸ் நகரம் தரும் பாடம்

பரிஸில் செயின் நதிக்கரையில் அரபுலக நிறுவகம் இருக்கிறது. ஜான் நூவெலும் அவரோடு இணைந்த கட்டடக்கலைஞர்களும் வடிவமைத்த இக்கட்டடம் 1987இல் திறக்கப்பட்டது. 1989இல் ஆகா கான் கட்டடக்கலை விருதையும் பெற்றது. அரபு வீடுகளின் மரப் பின்னல் யன்னலான மஷ்ரபிய்யாவை அவர்கள் உலோகத்தில் புதிதாகச் செய்தார்கள். தெற்கு முகப்பில் 240 சதுரப் பலகைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கெமராவின் கண்போலத் திறந்து மூடும் உலோக இதழ்கள் பல இருக்கின்றன. வெயில் கூடும்போது உணரிகள் அதை அறிந்து இதழ்களைச் சுருக்கும், குறையும்போது விரிக்கும்.

உலகமே வியந்த வேலை அது. ஆனாலும் ஆயிரக்கணக்கான நுண்ணிய பாகங்கள் காலப்போக்கில் சிக்கிக்கொண்டன; பல கண்கள் அசையாமல் நின்றன. 2017இல் பெரும் திருத்தவேலை செய்தே அவற்றை மீண்டும் இயக்கினார்கள். கெய்ரோவின் ஜிப்சம் யன்னலையும் பரிஸின் உலோகக் கண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒளிக்கு அளவெடுத்துச் செய்தவை. ஆனால் உடைந்ததை ஊரிலேயே திருத்தக்கூடிய ஜிப்சம் யன்னலே சமூகத்தின் கைக்கு எட்டியது.

எங்கள் ஊர்களுக்கு வருவோம்

இலங்கையிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. எனவே எங்கள் பள்ளிவாசல்களின் முன்சுவர் மேற்கைப் பார்த்தே நிற்கும். அஸருடைய நேரத்தில் வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான் விழும்.

நான் அறிந்த ஒரு பள்ளிவாசலில், மேல்மாடியில் பெண்கள் தொழும் பகுதிக்கு மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி போட்டார்கள். கண்ணாடி தரமானது, வேலையும் சுத்தமானது. ஆனால் அஸர் நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர் எவருமில்லை. அங்கே தொழப்போகும் பெண்களிடம் கேட்டவரும் இல்லை. இப்போது தடித்த திரை தொங்குகிறது. பட்டப்பகலில் மின்குமிழ் எரிகிறது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார் அந்த நேரத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

திரை வெப்பத்தை ஏன் தடுக்கவில்லை? வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் திரையில் படுகிறது. சூடான திரை வெளிவிடும் கீழ்ச்செந்நிறக் கதிர்கள் கண்ணாடி வழியே வெளியேற முடியாமல் அறையிலேயே தங்கிவிடுகின்றன. நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். கோலம் வெட்டிய ஓர் உலோகத் தட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வெளியே பொருத்தினால், வெயில் தடைப்படும், காற்று வரும், மறைப்பும் கிடைக்கும். அசையும் பாகம் எதுவும் வேண்டாம். ஊரிலுள்ள வெல்டிங் பாஸே அதைச் செய்யலாம். பழுதானால் அவரே திருத்தலாம்.

ஆகவே இத்தகைய வேலையை ஒப்படைக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து:

1. எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வரும்?
2. அந்த இடத்தைப் பயன்படுத்துபவர்களிடம், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கேட்டோமா?
3. உடைந்தால் யாருக்கும் காயம் வராதா?
4. உயரத்தில் இருப்பதை எப்படித் துடைப்பது?
5. பத்து வருடங்களின் பின் திருத்துவது யார்? அளவுகளும் வரைபடமும் எங்கே பத்திரமாக இருக்கும்?

பெற்றோரே, உங்களில் பலர் நம்பிக்கையாளர் சபைகளிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் இருக்கிறீர்கள். ஸதகத்துல் ஜாரியா என்று நிய்யத்து வைத்து மக்கள் கொடுக்கும் பணத்தில்தான் அநேகமான கட்டடங்கள் எழுகின்றன. கொடுத்தவரின் நன்மை தொடர வேண்டுமானால், கட்டியது பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும்.

சகோதரிகளே, இதற்கு நாமும் உதவலாம். புதிய கட்டடம் எழப்போகும் இடத்தில், ஒரு நாளின் வெவ்வேறு நேரங்களில் வெயில் எங்கே விழுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துக் கொடுப்போம். வரைபடம் கீறுபவருக்கு அந்தப் பக்கம் நிச்சயம் உதவும்.