நம்பிக்கைகளும் உண்மைகளும்: முற்றத்தில் ஓர் அலுமினியப் படகு

மகாவலி கங்கை பேராதனைப் பூந்தோட்டத்தை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு ஓடுவதை நாள்தோறும் பார்த்து வாழ்கின்ற நமக்கு ஆற்றைப் பற்றிய அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் படகைப் பற்றிய அறிவு நமக்குப் பிதிரார்ச்சிதமாக வந்ததன்று. காரைநகரிலோ மன்னாரிலோ பிறந்த ஒருவன் நடை பழகும் பருவத்திலேயே முன்புறமாகிய அணியம் எது, பின்புறமாகிய கடையார் எது என்று அறிந்துகொள்கிறான். கண்டிச் சீமையிலோ, ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கட்டுவித்த நகரத்துக் குளத்தை விலக்கிப் பார்த்தால், பரந்த நீர்ப்பரப்பு என்பதே 1976 இல் பொல்கொல்லை அணையும், 1985 இல் கொத்மலையும் விக்டோரியாவும் எழுந்த பின்னர் உண்டான விஷயம். அந்நீர்த்தேக்கங்களில் திலாப்பியா பிடிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடியிழைத் தோணிகளையே கையாளுகிறார்கள். அலுமினியப் படகு இங்கே அபூர்வமான பொருள். அப்படிப்பட்ட ஒன்று கைக்குக் கிடைத்து, அதை வீட்டு முற்றத்தில் ஏற்றி வைத்து, தளம் போட்டு, இருக்கை மாற்றி, விளக்கும் மோட்டாரும் பூட்டித் தமக்கு இசைந்தவாறு சீர்செய்ய ஒருவர் முனைவாராயின், அவருக்குப் புத்திமதி மூன்று திசைகளிலிருந்து வந்து சேரும்: கடற்கரை வள்ளத்திலிருந்து ஒன்று, சமையலறைச் சட்டியிலிருந்து ஒன்று, முச்சக்கர வண்டி திருத்தும் கராஜிலிருந்து ஒன்று. மூன்றும் தத்தம் இடத்தில் மெய்யானவையே. இடம் மாறி வந்த மெய்தான் இங்கே நம்பிக்கை என்ற பெயரில் உலாவுகின்றது.

“அலுமினியம் துருப்பிடிக்காது; எந்த ஆணியும் பொருந்தும்.”

இது சட்டியிலிருந்து வந்த நம்பிக்கை. சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1898 இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்த நாள் முதல், தென்னாட்டு அடுக்களைகளில் அவ்வுலோகம் நீரோடும் நெருப்போடும் பழகி வந்திருக்கின்றது. இரும்பைப் போலச் செம்மண்ணாய் உதிர்வதை ஒருவரும் கண்டதில்லை. அதற்குக் காரணம் அலுமினியம் காற்றோடு சேராத உலோகம் என்பதன்று. சேர்கின்ற வேகத்தில் தன்மேல் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஒட்சைட்டுப் போர்வை ஒன்றைத் தானே நெய்து போர்த்திக்கொள்வதே காரணம். அப்போர்வை உள்ளளவும் உலோகம் பிழைக்கும். புளிக்கறி ஆக்கிய சட்டியில் குழி விழுவதையும், சாம்பலிட்டுத் தேய்த்த சட்டி கறுப்பதையும் கண்ட தாய்மார் அப்போர்வை கிழிவதைக் கண்ணாரக் கண்டவர்களேயாவர். அமிலமும் காரமும் இரண்டுமே அதற்குப் பகை. வெற்றிலை போடும் நண்பர் படகின் விளிம்பில் துடைத்துவிட்டுப் போகும் ஈரச் சுண்ணாம்பு கூட அந்த இடத்தில் வெண்தழும்பு ஒன்றை விட்டுச் செல்லும் என்பது, படகுக்காரர் கோபிக்கத் தக்க நியாயமான காரணம்.

ஆயினும் சுண்ணாம்பைக் காட்டிலும் கொடியது வேற்று உலோகத்தின் சகவாசம். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு ஈரத்தில் நின்றால் மின்கலம் ஒன்று அங்கே பிறக்கின்றது. இரண்டில் ஒன்று கரைந்து மற்றதைக் காக்கின்றது. இவ்வுண்மையைக் கப்பலுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் சர் ஹம்ப்ரி டேவி. போர்க்கப்பல்களின் செப்புக் கவசம் கடலில் அரிபடாமலிருக்க, துத்தநாகத் துண்டோ இரும்புத் துண்டோ பொருத்தினால் அத்துண்டு அழிந்து செம்பைக் காக்கும் என்று 1824 இல் அவர் வெளியிட்டார். அவருடைய தம்பி ஜோன் டேவி படை மருத்துவராக இலங்கையில் வாழ்ந்து, கண்டி நாட்டையும் சுற்றிப் பார்த்து, இத்தீவின் உட்பிரதேசத்தைப் பற்றி 1821 இல் நூல் வெளியிட்டவர் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனித் திருப்தி. செம்பைக் காக்கத் துத்தநாகம் அழிந்தது போலவே, செம்பும் பித்தளையும் அலுமினியத்தோடு சேரும்போது அழிவது அலுமினியமாகும்.

பேராதனையிலிருந்து கொழும்பு வீதியில் சிறிது தூரம் சென்றால் வரும் பிலிமத்தலாவை பித்தளை வேலைக்குப் பேர்பெற்ற ஊர். அங்கிருந்து அழகிய பித்தளை வளையங்களை வாங்கித் துடுப்புத் தாங்கியாகப் படகின் விளிம்பில் திருகிவிடுவது எவருக்கும் தோன்றக்கூடிய ஆசையே. அவ்வாறு திருகிய வளையத்தைச் சில மாதம் கழித்து உற்றுப் பாருங்கள்: பித்தளை அரிபடாமல் இருக்கும், அதன் ஓரத்திலோ வெண்ணிறப் பொடி கோலமிட்டாற்போல வட்டமாய்ப் பூத்திருக்கும், பக்கத்துப் பூச்சு கொப்புளித்திருக்கும், கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே ஊசி முனை நுழையுமளவு குழிகள் இருக்கும். தூண்டிற் குண்டாகப் பயன்படும் ஈயம் ஒன்று, அல்லது சட்டைப் பையிலிருந்து தவறிய செப்பு நாணயம் ஒன்று, படகின் அடித்தட்டில் ஈரத்தோடு கிடந்துவிட்டாலும் இதே கதைதான்.

சிறு படகுக்கு மட்டும் நேர்கின்ற அனர்த்தம் என்று இதை எண்ண வேண்டா. 1895 இல் அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்காக நதானியேல் ஹெரஷாப் கட்டிய ‘டிபெண்டர்’ என்னும் பாய்க்கப்பலுக்கு, பாரம் குறையவேண்டுமென்று நீருக்கு மேலே அலுமினியமும் நீருக்குக் கீழே வெண்கலமும், சட்டங்களுக்கு உருக்கும் வைத்தார்கள். போட்டியில் அது வென்றது. கடல் நீரில் மூன்று உலோகங்களும் ஒன்றையொன்று தின்றமையால் 1901 இல் உடைத்து விற்கப்பட்டது.

மகாவலியின் நன்னீர் கடல் நீரைப்போல மின்சாரத்தைக் கடத்துவதில்லையாதலால் இங்கே அழிவு மந்தகதியில் நிகழும். மந்தம் என்பது இல்லை என்றாகிவிடாது. அலுமினியத் தறையாணிகளே உத்தமம். வலுவுக்காகத் துருவேறா உருக்குப் போல்ட்டு வேண்டுமென்றால், நைலோன் வாசரும் நீர் புகாத பசையும் இட்டு இரு உலோகமும் முகம் பாராதவாறு பூட்டவேண்டும். கடற்கரை நண்பர் துத்தநாகக் கட்டி ஒன்றைக் கட்டச் சொல்வார். உப்பு நீருக்கு அது சரி, நன்னீரில் துத்தநாகம் சோம்பிவிடும், அங்கே மக்னீசியமே வேலை செய்யும். மீன்பிடித்து முடிந்ததும் கரையேற்றி வைக்கின்ற சிறு படகுக்கு இரண்டுமே அவசியமில்லை. செப்புக் கலந்த அடிப்பூச்சும் அவ்வாறே: சிப்பியும் கொட்டலசும் ஒட்டாத நன்னீரில் அதனால் பயனில்லை, அலுமினியத்துக்கோ அது நேரடியான நஞ்சு.

“மருந்து ஊட்டிய பலகையே தளத்துக்குச் சிறந்தது.”

மரவள்ளத்தின் அறிவு இது. பலகை உளுத்துப்போகாமலிருக்கச் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த உப்பை ஊட்டும் முறையை 1933 இல் கண்டுபிடித்தவர் இந்திய விஞ்ஞானி சோந்தி காமேசம். வேலிக்கம்பத்துக்கும் மின்கம்பத்துக்கும் அது பேருபகாரம் செய்தது. அலுமினியத் தட்டின்மேல் அப்பலகை நனைந்து கிடந்தால், அதிலிருந்து கசியும் செப்பு உப்பு தட்டின்மேல் படிந்து குழிபறிக்கும். பலகை உறுதியாயிருக்க, படகு ஓட்டையாவதே கடைசியில் மிஞ்சுவது. மருந்தில்லாத நல்ல ஒட்டுப்பலகையை வாங்கி, வெட்டிய விளிம்புகளுக்கு முதலிலும் பரப்புக்குப் பின்னரும் பிசின் பூச்சுக் கொடுத்துப் பாவிப்பதே முறை. அதன்மேல் விரிக்கும் கம்பளம் வேறொரு விபத்து: அது நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக் காற்றைத் தடுப்பதால் அலுமினியத்தின் ஒட்சைட்டுப் போர்வை கிழிந்த இடம் மீண்டும் நெய்யப்படாது.

“பற்றரியின் ஒரு கம்பியை உடம்போடு கொளுவிவிட்டாற் போதும்.”

கராஜிலிருந்து வந்தது. முச்சக்கர வண்டியில் எதிர்முனையை இரும்புச் சட்டத்தோடு இணைத்துச் சட்டத்தையே திரும்பும் பாதையாக்குவது வழக்கமாயிருப்பதால், படகிலும் அவ்வாறே செய்துவிடுகிறார்கள். வண்டி நீரில் நிற்பதில்லை. படகின் உடம்பில் மின்சாரம் ஓட இடங்கொடுத்தால், கசிந்து நீருக்குள் இறங்கும் மின்னோட்டம் பித்தளையைக் காட்டிலும் விரைவாக அலுமினியத்தைக் கரைக்கும். விளக்குக்கும் பம்புக்கும் போகக் கம்பி ஒன்று, வரக் கம்பி ஒன்று. பற்றரிக்கு அண்மையில் பியூஸ் ஒன்று. உடம்பில் ஒன்றும் தொடக்கூடாது.

“ரெஜிபோம் நிரப்பினால் படகு இலேசாகும்.”

எப்பொருளும் நிரப்பிய பின் பாரம் கூடுமேயன்றிக் குறையாது. நுரையின் தொழில் வேறு. படகில் நீர் நிறைந்துவிட்டால், அந்நீர் இருக்கவேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு படகை அமிழவிடாமல் தாங்குவதே அதன் தொழில். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அலுமினியம் நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தியுடையது. 100 கிலோ உலோகம் முழுதும் மூழ்கினால் அது விலக்கும் நீர் 37 கிலோ. எஞ்சிய 63 கிலோவை நுரை சுமக்கவேண்டும். ஒரு கனஅடி நுரை ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்குமாதலால், உடம்புக்கு மட்டும் இரண்டரைக் கனஅடி போதும். மோட்டாருக்கும் பற்றரிக்கும் மேலதிகமாக வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதுதான் பலரும் யோசியாத விஷயம். தளத்தின் அடியில் மாத்திரம் அடைத்தால், நிறைந்த படகு தலைகீழாய் மிதப்பதையே விரும்பும். இருபக்க விளிம்புகளை ஒட்டி உயரத்தில் வைத்தால் நிமிர்ந்தபடி மிதக்கும், பிடித்துக்கொண்டிருக்க மனிதனுக்கும் இடமிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த வெள்ளை ரெஜிபோமைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: பெற்றோல் பட்டால் அது சீனியாய்க் கரையும். எரிபொருள் தாங்கி உள்ள படகுக்கு பெற்றோலைத் தாங்கும் மூடிய நுரையே தகும்.

“தளத்தை உயர்த்தினால் நின்று வீசலாம்.”

நிற்கலாம், எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. ஆளின் பாரம் எத்தனை அங்குலம் உயர்கின்றதோ அத்தனைக்குப் படகின் ஸ்திரத்தன்மை குறையும். நான்கடி அகலமும் பத்தடி நீளமும் உள்ள அடித்தட்டில், தளத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஓரங்குல நீர் தேங்கிவிட்டால் அதன் நிறை ஏறக்குறைய 94 கிலோ. அதாவது அழையாத விருந்தாளி ஒருவர் உள்ளே ஒளிந்திருக்கிறார், அவரும் படகு சாயும் பக்கமெல்லாம் முந்திக்கொண்டு ஓடுபவர். விக்டோரியாவைப் போன்ற மலையிடைத் தேக்கத்தில் காற்று கணவாய் வழியே திடீரென்று இறங்கும்போது அவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். தளத்தைத் தாழ்வாகவே போட்டு, நீர் கடையாரை நோக்கி வடிய வழி விட்டு, கைவிட்டுப் பார்க்கத்தக்க மூடி ஒன்றும் வைக்கவேண்டும்.

பற்றவைப்பைப் பற்றி ஒரு சொல். கேற் செய்யும் வெல்டிங் கடையில் படகைக் கொடுக்காதீர்கள். உலோகம் 660 பாகையில் உருகும். அதன் மேலுள்ள ஒட்சைட்டோ 2000 பாகைக்கு மேலே. ஆர்கன் வாயுவோடு செய்யத் தெரிந்தவர் வேண்டும். அவர் கிடைக்காதபோது தறையாணியும் பசையுமே மேல். ஒழுகும் தறையாணியைக் கண்டுபிடிக்கப் படகை ஆற்றில் இறக்க வேண்டியதில்லை: மரக்கட்டைகளின்மேல் ஏற்றி, உள்ளே சில அங்குலம் நீர் ஊற்றி, வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு, கீழே குனிந்து பார்த்தால், துளி கட்டும் இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிடலாம்.

“தகரப் படகின் சத்தத்துக்கு மீன் அண்டாது, பேசவுங்கூடாது.”

பாதி உண்மை, அதுவும் முதற் பாதி. காற்றில் எழும் பேச்சொலி நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றது. மீனுக்கு அது எட்டுவது மிகச் சிறிது. ஆனால் படகின் தட்டில் விழும் ஸ்பானரின் ஓசை உலோகத்தின் வழியே நேராக நீருள் இறங்கி, காற்றிற் செல்வதைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் பரவும். ஆதலால் கழற்றி உலர்த்தக்கூடிய றப்பர் விரிப்பு ஒன்றைக் காலடியில் போட்டுக்கொண்டு, சாமான் பெட்டியை அதன்மேல் மெல்ல வைத்துவிட்டு, அரசியலைத் தாராளமாகப் பேசலாம்.