கானாவின் அபேதி பெலே: ஒரு காற்பந்து வீரரின் வாழ்க்கை தரும் பாடம்



நமது கடைத்தெருக்களில் மாலை வேளையில் காற்பந்தைப் பற்றிப் பேச்செழாத நாள் இல்லை. பிரேசில் நாட்டுப் பெலேயையும், அர்ஜென்டினா நாட்டு மரடோனாவையும் அறியாதார் நம்மில் எவருமிலர். ஆனால், ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா சென்று பெரும் பெயர் எடுத்த அபேதி பெலே என்பவரைப் பற்றி நம் இளைஞர்களில் பலர் அறியார். பந்தாட்டம் அவருக்கு வெறும் பொழுதுபோக்கன்று, அதுவே தொழில். ஊர் விட்டு ஊர் சென்று தொழில் செய்யும் நம்போன்றோர் அவருடைய வாழ்க்கைப் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது வீண் போகாது. அதில் வரவும் உண்டு. கைக்கு வராமற் போன பாக்கியும் உண்டு.

கானா நாடு

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அமைந்தது கானா. ஆங்கிலேயர் ஆட்சியில் 'கோல்டு கோஸ்ட்', அதாவது தங்கக் கரை என்று அதற்குப் பெயர். 1957-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி அது சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதிதான் மலாயாவும் சுதந்திரம் பெற்றது. அந்நாட்டின் பெரிய விளைபொருள் கொக்கோ. நம் நாட்டுத் தோட்டங்களில் இன்று காணும் செம்பனையும் மேற்கு ஆப்பிரிக்க மண்ணிலிருந்து வந்ததேயாகும்.

கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா, புதிய நாட்டின் பெயரை உலகறியச் செய்யக் காற்பந்தை ஒரு சாதனமாகக் கொண்டார். 'கருப்பு நட்சத்திரங்கள்' எனப்படும் கானாக் குழு 1963, 1965, 1978, 1982 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது.

இளமையும் அலைச்சலும்

அபேதி அயூ 1964-ம் ஆண்டு பிறந்தவர். தலைநகரான அக்ராவை அடுத்த டோம் என்னும் ஊரில் வளர்ந்தார். பந்தை அவர் காலால் ஆண்ட லாவகத்தைக் கண்டவர்கள், பிரேசில் வீரரின் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டிவிட்டனர். நாட்டின் வடபகுதியிலுள்ள ரியல் தாமலே யுனைடெட் கழகத்தில் ஆடத் தொடங்கினார். 1982-ம் ஆண்டு லிபியாவில் கானா கோப்பையை வென்றபோது, பதினேழே வயதான அபேதியும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார்.

தொடக்கம் அவ்வளவு சிறப்பாயிருந்தும், அடுத்து வந்த ஆண்டுகள் எளிதாயிருக்கவில்லை. 1983-ல் கானாவில் கொடிய வறட்சி; காட்டுத் தீ; உணவுப் பஞ்சம். போதாக்குறைக்கு, நைஜீரியாவில் பிழைத்துவந்த கானா மக்கள் லட்சக்கணக்கில் அவ்வாண்டு வெளியேற்றப்பட்டுத் தாயகம் திரும்பினர். அத்தகைய காலத்தில் திறமையுள்ள ஆட்டக்காரர்கள் வெளிநாடுகளை நாடியதில் வியப்பில்லை.

அபேதி முதலில் கத்தார் நாட்டு அல் சத் கழகத்துக்குப் போனார். பின் சுவிட்சர்லாந்தின் சூரிச். அங்கு நிலைக்கவில்லை. மீண்டும் ஆப்பிரிக்கா, பெனின் நாட்டில் ஒரு கழகம், பிறகு பழைய தாமலே கழகமே. ஐரோப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவரின் மனம் எப்படியிருந்திருக்கும் என்பதைப் பிழைப்புக்காகக் கப்பலேறிய குடும்பத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

1986-ல் பிரான்சு தேசத்தில் நியோர் என்னும் சிறு நகரத்துக் கழகம் அவரை அழைத்தது. அது அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. பெரிய கடையில் வேலை கிடைக்கவில்லையே என்று அபேதி காத்திருக்கவில்லை. கிடைத்த சிறு கடையில் நிமிர்ந்து நின்று வேலை செய்தார். 1987-ல் நியோர் கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அதன் பின்னரே மார்சேய் என்னும் துறைமுக நகரத்தின் பெருங்கழகம் அவரை எடுத்துக்கொண்டது.

அங்கும் உடனே நிலையான இடம் கிட்டவில்லை. 1988-ல் அவரை வடபுறத்து லீல் கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். இரவல் போன இடத்தில் இரண்டாண்டுகள் அவர் ஆடிய ஆட்டமே, 'இவரைத் திரும்ப அழைக்க வேண்டும்' என்று மார்சேயை எண்ணச் செய்தது. 1990-ல் திரும்பினார், இம்முறை அவர் இடத்தை எவராலும் அசைக்க முடியவில்லை.

மூன்று இடங்களில் ஓர் இடம்

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து ஐரோப்பியக் கோப்பைப் பந்தயங்களில் ஒரு கழகம் மூன்று வெளிநாட்டாரை மட்டுமே களத்தில் இறக்கலாம். அந்நாட்டிலேயே நெடுங்காலம் ஆடிப் பழகிய மேலும் இருவருக்கும் இடமுண்டு. ஜெர்மானியர், ஆங்கிலேயர், பிரேசில்காரர் எல்லோரும் அந்தச் சில இடங்களுக்கே போட்டியிட்டனர். ஆகவே, கானாவிலிருந்து வந்த ஒருவர் அங்கு நிலைக்க வேண்டுமாயின், உள்ளூர்க்காரரைப் போல் ஆடினால் போதாது. உலகத்தில் எங்கிருந்தும் வரக்கூடியவரைவிட ஒரு படி மேலாக ஆட வேண்டும். அபேதி அப்படி ஆடினார்.

பிரெஞ்சுக்காரரான பாப்பேன், ஆங்கிலேயரான வாடில், கானாவின் அபேதி ஆகிய மூவரும் சேர்ந்து ஆடிய முன்வரிசையை மார்சேய் மக்கள் இன்றும் மறக்கவில்லை. 1991-லும் 1992-லும் பிரெஞ்சு முதற்பிரிவில் மார்சேய் முதலிடம் பெற்றது. ஆனால் 1991-ம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் பாரி நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில், கோல் ஏதுமின்றி ஆட்டம் முடிந்து, பெனால்டி உதைகளில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கழகத்திடம் தோற்றது.

மியூனிச் இரவு

இரண்டாண்டு கழித்து, 1993-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி, ஜெர்மனியின் மியூனிச் ஒலிம்பிக் மைதானத்தில் மீண்டும் ஓர் இறுதிப் போட்டி. எதிரே நின்றது இத்தாலியின் மிலான் கழகம். பரேசி, மால்தினி, ரைக்கார்டு, வான் பாஸ்டன் ஆகிய பெரும் ஆட்டக்காரர்களைக் கொண்டது. அவ்வாண்டுப் பிரிவு ஆட்டங்கள் ஆறிலும் ஆறையும் வென்று வந்திருந்தது. மார்சேய் இறக்கிய வெளிநாட்டார் மூவர்: ஜெர்மானியரான வோலர், குரோவேஷியரான போக்சிச், கானாவின் அபேதி.

இடைவேளைக்குச் சற்று முன்னர் மார்சேய்க்கு ஒரு மூலை உதை கிடைத்தது. அபேதி பந்தை வைத்து உதைத்தார். அது வளைந்து வந்து கோல் முகத்தை அடைந்ததும், பசீல் போலி எம்பித் தலையால் முட்டினார். கோல்! ஆட்டம் முடியும் வரை அந்த ஒரு கோலே நின்றது. பிரான்சு நாட்டுக் கழகம் ஒன்று அப்பெருங் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை.

போலி பிரெஞ்சுக் குழுவில் ஆடியவர். பிறந்ததோ ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில். அன்று மார்சேயின் தற்காப்பில் நின்ற தெசாயி என்பவரும் பிரான்சின் வீரரே. ஆனால் பிறந்தது கானாவின் அக்ராவில். ஐரோப்பாவின் மகுடத்தை அன்று பிரான்சுக்குத் தேடித் தந்ததில் மேற்கு ஆப்பிரிக்க மண்ணின் பங்கு எத்தகையது என்பதை இதனால் அறியலாம்.

பிறர் வைத்த கறை

இவ்வளவு பெரிய வெற்றியிலும் ஒரு கறை படிந்தது. அந்த இறுதிப் போட்டிக்கு ஆறு நாட்களுக்கு முன் வலன்சியேன் கழகத்தோடு ஓர் ஆட்டம். அதில் எதிர்க் குழுவினர் அடக்கி ஆடவேண்டும் என்று மார்சேய் தரப்பிலிருந்து பணம் தரப்பட்டது. கொடுக்கப்பட்ட 250,000 பிராங்கு பின்னர் ஓர் ஆட்டக்காரரின் உறவினர் வீட்டுத் தோட்டத்து மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டது! மார்சேயின் 1993-ம் ஆண்டு பிரெஞ்சுப் பட்டம் பறிக்கப்பட்டது. 1994-ல் கழகம் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. கழகத் தலைவர் பெர்னார் தாப்பி சிறை சென்றார். மியூனிச்சில் வென்ற கோப்பை மட்டும் தப்பியது.

இந்த லஞ்சத்தில் அபேதிக்குப் பங்கில்லை. ஆயினும் என்ன? முதலாளி கள்ளத் தராசு வைத்தால், நேர்மையாய் நிறுத்துக் கொடுத்த சிப்பந்தியின் பெயரும் தெருவில் கெடுகிறது. அதே சம்பவத்தில் இன்னொருவரையும் நினைவிற்கொள்ள வேண்டும். வலன்சியேன் ஆட்டக்காரரான ழாக் கிளாஸ்மான், பணத்தை மறுத்து உண்மையை வெளியிட்டார். அதற்காக மைதானங்களில் அவரை ஏசினார்கள். 1995-ல் உலகக் காற்பந்துச் சம்மேளனம் நேர்மைக்கான விருதை அவருக்கு அளித்தது.

கைக்கு எட்டாத கோப்பை

இனி அபேதியின் வாழ்வில் பாக்கியாய் நின்றதைப் பார்ப்போம். 1992-ம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பைப் பந்தயங்கள் செனகல் நாட்டில் நடந்தன. கானாவின் தலைவர் அபேதி. அரையிறுதியில் நைஜீரியா முந்திக்கொண்டபோது, தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தவர் அவரே. கானா 2-1 என்று வென்றது. ஆனால் அதே ஆட்டத்தில் அவருக்கு ஒரு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. விதிப்படி அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியாது. அடுத்த ஆட்டமே இறுதிப் போட்டி!

டக்கார் நகரில் கானாவும் ஐவரி கோஸ்டும் கோலின்றிச் சமமாய் முடித்தன. பெனால்டி உதைகள் இரு தரப்பிலும் பதினொருவரையும் சுற்றி வந்து, முடிவில் 11-10 என்று கானா தோற்றது. தலைவர் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பந்தயங்களின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்கே கிடைத்தது; கோப்பை கிடைக்கவில்லை.

1991, 1992, 1993 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆப்பிரிக்காவின் சிறந்த வீரராகப் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. உலகக் கோப்பையில் மட்டும் ஒரு நாளேனும் அவர் ஆடியதில்லை. கானா முதன்முதல் உலகக் கோப்பைக்குச் சென்றது 2006-ல்தான். அதற்குள் லியோன், தொரீனோ, மியூனிச் 1860, அல் ஐன் ஆகிய கழகங்களில் ஆடி முடித்து, 2000-ம் ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நஸீபு என்பது இதுதான் போலும்.

மக்கள்

அவர் லீலில் இரவல் ஆட்டக்காரராய் இருந்தபோது 1989-ல் பிறந்தவர் ஆந்திரே. மார்சேயில் 1991-ல் பிறந்தவர் ஜோர்டான். பிறந்த மண் பிரான்சாயினும் இருவரும் கானாவின் சட்டையையே அணிந்தனர். 2010-ம் ஆண்டு உலகக் கோப்பையில் கானா காலிறுதி வரை சென்றது. உருகுவேயை எதிர்த்த அந்த ஆட்டத்தில் ஆந்திரே இறங்கவில்லை. தந்தையைப் போலவே மஞ்சள் அட்டைகளால் தடுக்கப்பட்டார். 2015-ல் சகோதரர் இருவரும் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடினர். எதிரே அதே ஐவரி கோஸ்ட்; மறுபடி கோலற்ற ஆட்டம்; மறுபடி பெனால்டி; 9-8 என்று தோல்வி. தந்தைக்கு வராத கோப்பை மக்களுக்கும் வரவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் நிற்கும் தகுதி வந்தது. அதுவே தந்தை விட்டுச் சென்ற கைமுதல்.

நாம் பெறும் படிப்பினை

ஒன்று: சிறு இடத்தை இகழாதவனே பெரிய இடத்துக்குத் தகுதி பெறுகிறான். நியோரும் லீலும் இன்றேல் மியூனிச் இல்லை.

இரண்டு: மியூனிச்சில் கோல் அடித்தவர் போலி, பந்தை அனுப்பியவர் அபேதி. பிறர் கையில் சரியான வேளையில் சரியான சரக்கைச் சேர்ப்பதும் பெருந்தொழிலே.

மூன்று: உழைப்பு நம் பொறுப்பு, முடிவு முழுவதும் நம் கையில் இல்லை. கோப்பை வராமற்போனதால் அவருடைய கால்களின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

நான்கு: கள்ளக் கணக்கு ஒன்று போதும், பல நல்லவர்களின் வியர்வையைக் கறைப்படுத்த.

இளைஞர் படிப்பு வட்டத்தில் ஆராயச் சில வினாக்கள்:

1. மூன்று இடங்களுக்குப் போட்டி மிகுந்த தொழில் நமக்குள் எது? அதில் நம் பிள்ளைகளை எவ்வாறு தேர்ச்சி பெறச் செய்யலாம்?

2. கிளாஸ்மான் நிலையில் நாம் இருந்தால், கூட்டாளிகள் ஏசினாலும் உண்மை சொல்லத் துணிவோமா?

3. நமக்குக் கிட்டாத எதை அடையும் தகுதியை நம் மக்களுக்கு விட்டுச் செல்கிறோம்?