சீரியல் பார்ப்போம், கேமராவையும் கவனிப்போம்!



நம்ம குந்தாரப்பள்ளி பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. பக்கத்து வீட்டில் கன்னட சீரியல் ஓடுகிறது. பேச்சு முழுசாகப் புரியாவிட்டாலும், யார் நல்லவள், யார் கெட்டவள் என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். எப்படி? வசனத்துக்கு முன்பே கேமரா சொல்லிவிடுகிறது. அது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. கேமரா எங்கே நிற்கிறது?
கீழே இருந்து மேல்நோக்கிப் படம் பிடித்தால் ஆள் உயரமாக, அதிகாரமாகத் தெரிவார். மேலே இருந்து பிடித்தால் சிறுத்துத் தெரிவார். மிரட்டுகிறவரையும் பயப்படுகிறவரையும் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுவார்கள்.

2. யார் முகம் கிட்டே வருகிறது?
முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டுவது குளோசப். யார் கண்ணீரைக் கிட்டே பார்க்கிறோமோ, அவர் பக்கம் நம்ம மனசு சாயும். சீரியலில் குளோசப் அதிகம். டிவி பெட்டி சின்னது. 2006 முதல் அரசு கொடுத்த இலவச டிவி 14 அங்குலம்தான். அதில் தூரத்துக் காட்சியை விட முகம்தான் எடுபடும். ஒரு வசனத்துக்கு ஒவ்வொருவர் முகமாகக் காட்டினால் நேரமும் ஓடும்!

3. எந்த இடம்?
2022 முதல் 2024 வரை சன் டிவியில் வந்த 'எதிர்நீச்சல்' நினைவிருக்கிறதா? ஆதி குணசேகரன் அதிகாரம் பண்ணும் இடம் ஹால். மருமகள்கள் மனம்விட்டுப் பேசும் இடம் சமையலறை. படித்த பெண்களும் அடுப்படிக்குள் அடைபடுகிறார்கள் என்பதுதான் கதை. அதை அந்த வீட்டின் அறைகளே சொல்லிவிடுகின்றன. அதே இயக்குநர் திருச்செல்வத்தின் 'கோலங்கள்' (2003-2009) தொடரில் அபி கட்டுமானத் தொழில் நடத்துவாள். தொழில் செய்யும் பெண்ணின் பக்கம் அந்தக் கதை நின்றது.

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?
பல சீரியல்களில் அழுதுகொண்டே பொறுத்துப் போகிறவளுக்கு மெல்லிய வெளிச்சம், இனிமையான இசை. சொத்தில் பங்கு கேட்கிறவளுக்கு பளபளக்கும் புடவை, அவள் முகத்தை மூன்று முறை காட்டி ஒரு 'டமார்' சத்தம். இதையே தினமும் பார்த்தால், பங்கு கேட்பதே கெட்ட குணம் என்று மனசில் பதிந்துவிடாதா? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழகத்தில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கிற பெண் வில்லி ஆவாளா?

சந்தையில் ஆடு வாங்கும்போது விற்கிறவர் காட்டுகிற பக்கத்தை மட்டுமா பார்க்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், காலைத் தூக்கிப் பார்க்கிறோம். சீரியலையும் அப்படியே பார்ப்போம்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்
இன்றைக்கு ஐந்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு சீரியல் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:
• யார் முகம் அதிக முறை கிட்டே வந்தது?
• கேமரா யாரைப் பெரிதாக்கியது, யாரைச் சிறிதாக்கியது?
• கெட்டவளாகக் காட்டப்பட்டவள் உண்மையில் கேட்டது என்ன? அது நியாயமா?

சீரியலை விட வேண்டாம். கண்ணைத் திறந்து பார்ப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.