வெள்ளலூர்ச் சாம்பலை ஆராயப் போகும் தம்பிக்கு



2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து பல நாள் புகைந்ததைக் கோவை மறந்திருக்காது. அந்த மண்ணில் டையாக்சினும் ஃபியூரானும் தேடப் போகிறீர்களாம். நல்ல காரியம். ஆனால் அளந்து பார்க்கும் முன்பே 'நஞ்சு' என்று மேடையில் முழங்க வேண்டாம்.

முதலில் இந்த ஃபியூரான்களின் அடிப்படையான டைபென்சோஃபியூரானைக் கரைத்துக் குடியுங்கள். நடுவே ஆக்சிஜன் அமர்ந்த ஐங்கோண வளையம், இருபுறமும் ஒட்டிய பென்சீன் வளையங்கள். நிலக்கரித் தாரிலேயே கிடைக்கிற சேர்மம்தான். குளோரின் ஏறும்போதுதான் வில்லங்கம். அது அமர 8 இடங்கள் உண்டு. அமரும் விதத்தைப் பொறுத்து 135 சேர்மங்கள். அவற்றில் 2,3,7,8 ஆகிய நான்கு இடங்களிலும் குளோரின் உள்ள 10 மட்டுமே நச்சுக் கணக்கில் சேரும். குளோரின் கூடினால் நஞ்சும் கூடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2005 அளவுகோலில் 2,3,4,7,8-பென்டாகுளோரோ வகைக்கு நச்சு மதிப்பு 0.3, எட்டு இடமும் நிரம்பியதற்கு 0.0003. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 'மொத்த ஃபியூரான் இவ்வளவு' என்பதோடு நிற்கிற ஆய்வேட்டால் யாருக்கும் பயனில்லை.

இவை உருவாகக் கரியும் குளோரினும் 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதும். செம்பு இருந்தால் வினை இன்னும் வேகமெடுக்கும். மோட்டார், பம்புசெட்டுக்குப் பேர்போன ஊரில் இதைக் கவனிக்காமல் விடலாமா? பி.வி.சி. உறை போட்ட பழைய ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் இடத்தில் எல்லாமே கைகோத்துவிடும். கிடங்கோடு நிற்காமல் அத்தகைய இடங்களின் மண்ணையும் எடுங்கள்.

புகையைத் துரத்துவதைவிடப் பாலைப் பின்தொடர்வது முக்கியம். சென்னை பெருங்குடிக் கிடங்கின் அருகே வசித்த தாய்மாரின் பாலை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வேறிடத்துத் தாய்மாரைவிட அவர்களிடம் டையாக்சின் வகைகள் அதிகம். மாட்டுப்பால் வழியாக வந்திருக்கலாம் என்றது அந்த ஆய்வு. கொழுப்பில் தங்கும் பொருள்கள் இவை. தீ அணைந்தாலும் போய்விடாது. ஆகவே கறவை வைத்திருப்போரிடம் மாடு எங்கே மேய்கிறது என்று விசாரியுங்கள்.

பைகோகிராம் அளவுக்குச் சாதாரண வாயு நிறப்பிரிகை (ஜி.சி.) எந்திரத்தை நம்பி எண் எழுதாதீர்கள். கார்பன்-13 ஏற்றிய ஒப்பீட்டுப் பொருள்களும் உயர்பிரிதிறன் நிறை நிறமாலைமானியும் வேண்டும். திருவனந்தபுரத்து சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்தில் இதற்கான ஆய்வுப் பிரிவு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும், கண்ட அளவுகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, மாதிரி தந்த மக்களிடம் முதலில் கொடுத்துவிடுங்கள், தம்பி.