சான்றாய் நிற்போர்

நுழையும்முன்

போர் மூண்ட நிலத்திற்குப் படைக்கலம் ஏந்தாமல் செல்வோரும் உளர். அங்கு நிகழ்வதை நேரில் கண்டு, கண்டவாறே உலகிற்கு உரைப்பது அவர்தம் பணி. காண்பதற்கென்றே பணிக்கப்பட்ட ஒருவர், தம் கண்முன் ஓர் உயிர் பறிக்கப்படும் வேளையில் என்ன செய்தல் வேண்டும்? 1994ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டில் எழுந்த இவ்வினாவையும், அதற்கு ஓர் இராணுவக் கண்காணிப்பாளர் தம் செயலால் அளித்த விடையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கண்காணிப்புப் பணியின் தோற்றம்

இரண்டாம் உலகப்போரின் பேரழிவைக் கண்ட நாடுகள், இனியொரு போர் நிகழாமல் காக்கும் நோக்குடன் 1945ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையை நிறுவின. மூன்றே ஆண்டுகளில் அந்நோக்கம் சோதனைக்குள்ளானது. 1948ஆம் ஆண்டு மே மாதம் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. மே 29 அன்று போர்நிறுத்தம் கோரித் தீர்மானம் நிறைவேற்றிய பாதுகாப்பு அவை, அதனைக் கண்காணிக்க இராணுவ அதிகாரிகளை அனுப்பவும் முடிவு செய்தது. அவர்கள் படைக்கலம் ஏந்தாதவர்கள். ஐ.நா. அமைதி காக்கும் பணியின் தொடக்கம் அதுவே. 1949ஆம் ஆண்டு சனவரியில் இத்தகைய கண்காணிப்பாளர்கள் ஜம்மு காஷ்மீர்ப் பகுதிக்கும் வந்தனர்.

இப்பணியின் இடர் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று எருசலேம் நகரில் ஐ.நா. அமைதித் தூதர் ஃபோக் பெர்னடோட் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரருகே அமர்ந்து பயணம் செய்த பிரெஞ்சு நாட்டுக் கண்காணிப்பாளர் ஆந்த்ரே செரோவும் அத்தாக்குதலில் உயிர்நீத்தார்.

பணியும் நெறியும்

போர்நிறுத்த எல்லையில் காவல் நிலைகள் அமைத்து உற்றுநோக்குதல், சுற்றுக்காவல் செல்லுதல், மீறல் நிகழ்ந்ததாக ஒரு தரப்பு முறையிட்டால் அவ்விடம் சென்று ஆராய்தல், படைகளும் படைக்கலன்களும் உடன்பாட்டின்படி விலக்கப்பட்டனவா எனச் சரிபார்த்தல் ஆகியன கண்காணிப்பாளரின் அன்றாடப் பணிகள். அறிக்கையில் ஊகத்திற்கு இடமில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்திசையிலிருந்து, எத்தகைய தாக்குதல் நிகழ்ந்தது என்பன ஐயமின்றிப் பதிவு செய்யப்படல் வேண்டும்.

அமைதி காக்கும் பணி மூன்று நெறிகளின்மீது அமைந்தது. போரிடும் தரப்பினரின் இசைவு முதலாவது. ஒரு பக்கம் சாயாமை இரண்டாவது. தற்காப்பிற்கும் பணி ஆணையைக் காப்பதற்கும் அன்றி வலிமையைப் பயன்படுத்தாமை மூன்றாவது. படைக்கலம் இல்லாத கண்காணிப்பாளருக்கு இந்நெறிகளே கவசம். அவர்மீது இரு தரப்பினரும் வைத்த நம்பிக்கை குலையுமானால், அவருடைய உயிரும் உடன் பணியாற்றுவோர் உயிரும் இடருக்குள்ளாகும். ஆதலால், ஆணையின் எல்லையைக் கடவாதீர் என்பது அவர்களுக்கு உறுதியாக அறிவுறுத்தப்பட்டது.

ருவாண்டாவில் நிகழ்ந்தது

ருவாண்டா, கிழக்கு ஆப்பிரிக்காவில் குன்றுகள் நிறைந்த ஒரு சிறிய நாடு. அங்கு வாழ்ந்த ஹூட்டு, துட்சி ஆகிய இரு பிரிவினரும் ஒரே மொழி பேசியவர்கள். அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள். பெல்ஜியத்தின் ஆட்சிக்காலத்தில், 1930களில், ஒவ்வொருவரும் எப்பிரிவினர் என்பதைக் குறிக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அவ்வட்டை வேற்றுமையை ஆழமாக்கியது. விடுதலைக்குப் பின்னரும் பகை தொடர்ந்து, 1990ஆம் ஆண்டு உள்நாட்டுப் போராக வெடித்தது.

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அருஷா நகரில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அதனைச் செயற்படுத்தத் துணைபுரியும் பொருட்டு, அவ்வாண்டு அக்டோபரில் ஐ.நா. படையொன்று ருவாண்டாவிற்கு அனுப்பப்பட்டது. கனடா நாட்டைச் சேர்ந்த ரோமியோ டலேர் அதன் தளபதி. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று இரவு, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பயணம் செய்த வானூர்தி சுட்டுவீழ்த்தப்பட்டது. மறுநாள் தலைமையமைச்சர் அகத் உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவலாகச் சென்ற பெல்ஜிய வீரர் பதின்மரும் கொல்லப்பட்டனர்.

தெருக்கள்தோறும் சோதனைத் தடுப்புகள் எழுந்தன. அடையாள அட்டையில் துட்சி என்னும் சொல் இருப்பின், அதுவே இறப்பு ஆணையாயிற்று. கொலைக்கு உடன்படாத ஹூட்டு மக்களும் தப்பவில்லை. ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்பது ஐ.நா. அவையின் மதிப்பீடு.

ஒரு கண்காணிப்பாளரின் முடிவு

செனகல் நாட்டைச் சேர்ந்த கேப்டன் எம்பாய் டியான், அப்படையில் படைக்கலம் ஏந்தாத இராணுவக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். ஏப்ரல் 7 அன்று தலைமையமைச்சர் கொல்லப்பட்ட செய்தி அறிந்து அவர் அப்பகுதிக்குச் சென்றார். அருகிலிருந்த ஐ.நா. பணியாளர் குடியிருப்பில் தலைமையமைச்சரின் குழந்தைகள் அஞ்சி ஒளிந்திருந்தனர். அவர்களைத் தேடி, கொலைகாரர்கள் எந்நேரமும் வரக்கூடும். குழந்தைகளைக் காக்கும் ஆணை அவரிடம் இல்லை. எனினும், அவர்களைத் தம் ஊர்தியில் மறைத்துக் கொண்டுசென்று, பலர் அடைக்கலம் புகுந்திருந்த விடுதியில் சேர்த்தார். பின்னர் அக்குழந்தைகள் நாட்டைவிட்டுப் பாதுகாப்பாக வெளியேறினர்.

அதன்பின் வந்த வாரங்களில் அவர் அதே செயலை மீண்டும் மீண்டும் செய்தார். ஒருமுறைக்குச் சிலரை மட்டுமே ஊர்தியில் ஏற்ற இயலும். வழியெங்கும் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் வெட்டரிவாளும் துப்பாக்கியும் ஏந்திய கூட்டம். டியானிடம் இருந்தவை இன்சொல்லும் நகைச்சுவையும் அஞ்சாமையுமே. தடுப்பில் நின்றோருடன் சிரித்துப் பேசி, வெண்சுருட்டு அளித்து, வழி பெற்றார். அவ்வாறு அவர் மீட்டவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர் செய்வதைத் தளபதி டலேர் அறிந்திருந்தார்; ஆயினும் தடுக்கவில்லை.

1994ஆம் ஆண்டு மே 31 அன்று, தளபதிக்குரிய செய்தியொன்றுடன் கிகாலி நகரில் டியான் தனியே ஊர்தியில் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு தடுப்பின் அருகே வீழ்ந்து வெடித்த எறிகுண்டு அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 36.

கேட்டவர் பொறுப்பு

கண்டவர் கடமை அறிக்கையோடு நிறைவுறலாம். அவ்வறிக்கையைக் கேட்டவர் கடமை அங்கேதான் தொடங்குகிறது. படைக்கலன்கள் மறைத்து வைக்கப்பட்டிருப்பதையும், துட்சி மக்களை அழிக்கத் திட்டமிடப்படுவதாக வந்த தகவலையும் 1994ஆம் ஆண்டு சனவரி 11 அன்றே டலேர் தலைமையகத்திற்குத் தெரிவித்திருந்தார். அப்படைக்கலன்களைக் கைப்பற்ற அவருக்கு இசைவு வழங்கப்படவில்லை. கொலைகள் பெருகியபோது, பெல்ஜியம் தன் வீரர்களைத் திரும்பப் பெற்றது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை, அப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. கானா நாட்டு வீரர்கள் உள்ளிட்ட சிறு படையுடன் டலேர் அங்கேயே தங்கினார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், பொதுச்செயலர் கோஃபி அன்னான் அமைத்த விசாரணைக்குழு 1999ஆம் ஆண்டு திசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. சுவீடனின் முன்னாள் தலைமையமைச்சர் இங்வார் கார்ல்சன் அதன் தலைவர். போதிய வளமின்மையும், செயற்படும் அரசியல் உறுதியின்மையும் அத்தோல்விக்குக் காரணங்கள் என அக்குழு எடுத்துக்காட்டியது. இனப்படுகொலை நிகழ்ந்தபோது அமைதி காக்கும் பணித்துறைக்குத் தலைமையேற்றிருந்தவர் அன்னானே. அவர் அவ்வறிக்கையை ஏற்று, ஐ.நா. அவையின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்.

மாறிய நெறி

அத்தோல்வி தந்த படிப்பினை வீணாகவில்லை. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் சியேரா லியோனுக்கு அனுப்பப்பட்ட படைக்கு, உடனடி வன்முறைக்கு ஆளாகும் பொதுமக்களைத் தன் ஆற்றலுக்கு இயன்றவரை காக்கும் பொறுப்பு வெளிப்படையாக வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கு எதிரான வன்முறையைக் கண்ணெதிரே காணும் அமைதி காப்போர், தம்மால் இயன்றவரை அதனைத் தடுக்க இசைவு பெற்றவர்களாகவே கருதப்படல் வேண்டும் என 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பிராஹிமி அறிக்கை பரிந்துரைத்தது. டியான் செய்தபோது ஆணை மீறலாக இருந்த செயலின் உட்கருத்து, பின்னர் ஆணையிலேயே இடம்பெற்றது.

2014ஆம் ஆண்டு மே மாதம், பெருந்துணிவுடன் பணியாற்றுவோருக்கென டியானின் பெயரால் ஒரு பதக்கத்தைப் பாதுகாப்பு அவை ஏற்படுத்தியது. 2016ஆம் ஆண்டு முதற்பதக்கம் அவருடைய குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது.

எனினும் கண்காணிப்பாளர் ஒவ்வொருவரும் ஆணையைத் தம் விருப்பம்போல் மீறலாம் என்பது இதன் பொருளன்று. டியான் ஒரு தரப்பிற்காகப் போரிடவில்லை; எவரையும் பழிவாங்கவில்லை; தம் பதவியைக் கொண்டு தமக்கென எதையும் தேடவில்லை. கொல்லப்படவிருந்தோரைக் காத்தார், அதற்கான இடரைத் தாமே ஏற்றார். நடுநிலை என்பது இரு தரப்பினருக்கு இடையே சாயாமை. கொல்பவனையும் கொல்லப்படுபவனையும் ஒன்றாகக் கருதுதல் அன்று.

தமிழில் சான்று, சான்றோர் என்னும் சொற்கள் ‘சால்’ என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கண்டதைப் பொய்யின்றி உரைப்பவர் சான்றாகிறார். கண்டதற்குரிய பொறுப்பையும் ஏற்பவர் சான்றோராகிறார்.

தெரிந்து தெளிவோம்

ஐ.நா. அமைதி காக்கும் படைகளுக்கு 1988ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் மே 29, ஐ.நா. அமைதி காப்போர் பன்னாட்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சொல்லும் பொருளும்

இசைவு – ஒப்புதல்
ஆணை – (இங்கு) பாதுகாப்பு அவை வரையறுத்த பணி எல்லை
அடைக்கலம் – புகலிடம்
இடர் – துன்பம், ஆபத்து

மதிப்பீடு

குறுவினா
1. அமைதி காக்கும் பணியின் மூன்று நெறிகள் யாவை?
2. அடையாள அட்டை எவ்வாறு இறப்பு ஆணையாயிற்று?

சிறுவினா
3. இராணுவக் கண்காணிப்பாளரின் அன்றாடப் பணிகளைத் தொகுத்து எழுதுக.
4. ‘கேட்டவர் கடமை அங்கேதான் தொடங்குகிறது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
5. எம்பாய் டியான் ஆணையின் எல்லையைக் கடந்தது சரியா? நடுநிலை என்பதன் பொருளை முன்வைத்து இருபக்கக் கருத்துகளையும் ஆராய்ந்து, உமது முடிவை எழுதுக.