பெயர் அழிந்த தொகுதி

கேள்வி: கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் வல்கன் ஊரில் என் மகன் வேலை பார்க்கிறான். அது முன்பு 'லிட்டில் போ' தொகுதியில் இருந்ததாம். அந்தத் தொகுதியை ஏன் எடுத்துவிட்டார்கள்? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வாக்காளர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. கால்கரி, எட்மன்டன் நகரங்களில் மக்கள்தொகை பெருகியது; சட்டமன்ற இடங்களோ அப்போது 87-ஐத் தாண்டவில்லை. நகரங்களுக்குக் கூட்டினால் கிராமப்புறத்தில் குறைத்துத்தானே ஆகவேண்டும்? அப்படித்தான் 2019 தேர்தலோடு லிட்டில் போ மறைந்தது. அதன் பெரும்பகுதி, உங்கள் மகனின் ஊர் உட்பட, கார்ட்ஸ்டன்-சிக்சிகா தொகுதிக்குப் போனது.

கோதுமை விளையும் லிட்டில் போ தொகுதி 1913-இல் உருவானது. 1921-இல் விவசாயிகள் கட்சி இங்கே வென்றது. அதன் உறுப்பினர் ஓரன் மெக்ஃபர்சன் சபாநாயகரும் ஆனார், அமைச்சரும் ஆனார். பெரும் பொருளாதார மந்த காலமான 1935-இல் அவரைத் தோற்கடித்தவர் சோஷியல் கிரெடிட் கட்சியின் பீட்டர் டாசன். அவரும் 1937 முதல் 1963-இல் இறக்கும்வரை சபாநாயகர்.

அடுத்து வந்த ரே ஸ்பீக்கர் 1992 வரை அசையவில்லை. சோஷியல் கிரெடிட், சுயேச்சை, சொந்தக் கட்சி, பிறகு முற்போக்குக் கன்சர்வேட்டிவ் என்று எந்தக் கொடி பிடித்து நின்றாலும் மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். கட்சியைவிட ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல, பாருங்கள்!