தொட்டிக்கேற்ற மீன்: பாசி உண்ணும் கெளுத்தியைத் தெரிவு செய்தல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில், லயன் வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே ஒரு கண்ணாடி மீன் தொட்டியைக் காண்பது இன்று புதினமல்ல. கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வரும்போது வாங்கி வந்ததாக இருக்கும். அல்லது பாடசாலைப் பிள்ளைகள் நச்சரித்துப் பெற்றுக்கொண்டதாக இருக்கும். சில இளைஞர்கள் சீமெந்துத் தொட்டி கட்டிக் கப்பி மீன் வளர்த்து விற்கவும் செய்கிறார்கள். இவை யாவும் நல்லவையே. நாள் முழுவதும் மலையில் நின்று களைத்து வந்தவர் அரைமணி நேரம் அமர்ந்து மீன்கள் நீந்துவதைப் பார்ப்பதை வீண்பொழுது என்று நாம் கருதவில்லை.

ஆயினும், இத்தகைய விடயத்துக்கு இவ்விதழில் ஏன் இடம் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் ஒரே ஒரு மீன். தொட்டி வாங்குபவரிடம் கடைக்காரர், "கண்ணாடியில் பாசி பிடிக்கும், இதிலும் ஒன்று போடுங்கள்" என்று கூறி, இரண்டு அங்குல நீளமுள்ள, புள்ளிகள் நிறைந்த, வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மீனைப் பையில் இட்டுக் கொடுப்பார். 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் அதனை அழைப்பர். ஓரிரு வருடங்களில் அது தொட்டிக்குள் திரும்பக்கூட இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிடும். அதன்பின் அது எங்கே போகிறது? அநேகமாக, லயத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்கு. அந்த ஓடை களனி கங்கைக்கோ களு கங்கைக்கோ வளவை கங்கைக்கோ போய்ச் சேர்கிறது. ஆகவே, எந்த மீனை வாங்குவது என்பது வீட்டு விடயமாகத் தொடங்கி ஊர் விடயமாகிவிடுகிறது.

பெயர் ஒன்று, மீன்கள் பல

வாயால் ஒட்டிக்கொள்ளும் இக்கெளுத்திகளின் பூர்வீகம் தென் அமெரிக்கா. உடலைச் செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் கவசம்போல் மூடியிருக்கும். இக்குடும்பத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உள்ளன. நமது கடைகளில் 'டேங்க் கிளீனர்' என விற்கப்படுவது பெரும்பாலும் 'டெரிகோப்ளிக்திஸ்' எனும் பேரினத்தைச் சேர்ந்தது. படகின் பாய்போல் விரியும் உயர்ந்த முதுகுச் செட்டை இதன் அடையாளம். முழு வளர்ச்சியில் 40 முதல் 50 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு முழம். பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழக்கூடியது.

இதே குடும்பத்தில் 'ஆன்சிஸ்ட்ரஸ்' என்றொரு வகை உண்டு. வளர்ந்த ஆணின் மூக்கின் மேல் கிளைவிட்ட மீசைபோல் மென்மையான தசைகள் முளைத்திருக்கும். அதனால் 'பிரிஸில்நோஸ்' என்பார்கள். இது 12 முதல் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. இன்னும் சிறியது 'ஒட்டோசின்க்ளஸ்'. அது 4 அல்லது 5 சென்ரிமீற்றருடன் நின்றுவிடும்.

பெயரால் ஏமாறவும் இடமுண்டு. 'சைனீஸ் அல்ஜீ ஈட்டர்' என விற்கப்படும் மீன் கெளுத்தியே அல்ல. சிறு வயதில் பாசி தின்னும், வளர வளரப் பாசியை மறந்து ஏனைய மீன்களைத் துரத்தத் தொடங்கும், ஒரு சாணுக்கு மேல் நீளும். 'கொரிடோராஸ்' கெளுத்திதான், ஆனால் அது அடியில் விழும் உணவைத் தேடுவதேயன்றிப் பாசியைச் சுரண்டுவதில்லை.

"தொட்டிக்கேற்ப வளரும்" என்ற கதை

மீன் விற்பவர்கள் பலர் கூறுவதும், வாங்குபவர்கள் நம்புவதும் இதுவே: சிறிய தொட்டியில் விட்டால் மீன் சிறிதாகவே இருக்கும். இது உண்மையன்று. நல்ல உணவு கிடைத்தால் டேங்க் கிளீனர் ஓராண்டிலேயே ஒரு சாணை எட்டிவிடக்கூடும். வளராமல் நிற்கும் மீன் தொட்டிக்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்ட மீன் அல்ல. தன் கழிவே கலந்த நீரில் நலிந்து நிற்கும் மீன். போதிய உணவின்றி வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பார்த்து, "இவன் வீட்டுக்கு அளவாக வளர்ந்திருக்கிறான்" என்று யாரும் மகிழ்வதில்லையே.

எனவே, கடையில் காணும் நீளத்தை மறந்துவிட்டு, வளர்ந்த பின் வரும் நீளத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். நாம் இளைஞர் கழகங்களில் சொல்லிக் கொடுக்கும் கணக்கு எளிதானது: தொட்டியின் அகலம் வளர்ந்த மீனின் நீளத்தைப் போல் இரு மடங்கு, தொட்டியின் நீளம் ஐந்து மடங்கு. இதற்குக் குறைந்தால் அந்த மீன் வேண்டாம். 12 சென்ரிமீற்றர் வளரும் பிரிஸில்நோஸுக்கு 24 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் நீளமும் தேவை. இரண்டடித் தொட்டி மட்டுமட்டாகப் போதும். 45 சென்ரிமீற்றர் வளரும் டேங்க் கிளீனருக்கு 90 சென்ரிமீற்றர் அகலமும் 225 சென்ரிமீற்றர் நீளமும் தேவை. அதாவது மூன்றடிக்கு ஏழரை அடி. நமது பழைய லயன் அறையே பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு அறையைக் கொடுத்துவிட்டுக் குடும்பம் வாசலில் படுக்க வேண்டியதுதான்!

நீரின் அளவையும் அறிந்திருப்பது நல்லது. ஒரு கன அடியில் சுமார் 28 லீற்றர் நீர் கொள்ளும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் 56 லீற்றர். நீரின் நிறை மட்டும் 56 கிலோகிராம். ஆட்டம் காணும் மேசையில் அதனை வைக்கலாகாது.

எந்தத் தொட்டிக்கு எந்த மீன்

ஓரடி, ஒன்றரை அடித் தொட்டி வைத்திருப்போருக்கு நமது ஆலோசனை: கெளுத்தி எதுவும் வேண்டாம். கப்பி, மொலி போன்ற மீன்களே மென்மையான பாசியைக் கொத்தித் தின்னும். எஞ்சியதை வாரம் ஒருமுறை பழைய துணித்துண்டால் துடைத்தால் போதும். ஒரு மீனை வாங்கும் செலவும் இல்லை.

இரண்டடித் தொட்டியில் ஒரேயொரு பிரிஸில்நோஸ் விடலாம். இரண்டரை அல்லது மூன்றடியாயின் இன்னும் நன்று. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் மறைவிடத்துக்காகச் சண்டையிடும். கப்பி, பிளாட்டி, சுவோர்ட்டெயில் ஆகியவற்றுடன் இது சமாதானமாக வாழும். நமது நாட்டுக்கே உரிய சிறு மீனான 'லே தித்தயா'வுடனும் நன்கு பொருந்தும். களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப் படுகைகளின் நிழல் ஓடைகளில் வாழும் இந்தச் செந்நிற மீனை 1929இல் தெரணியகல விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று உலகெங்கும் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. வளர்ப்பாளரிடம் வாங்குங்கள், ஓடையில் பிடிக்க வேண்டாம். உள்ளூர் மீன்களில் சில சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை.

ஒட்டோசின்க்ளஸைப் பொறுத்தவரை, அளவு மிகப் பொருத்தம். ஆனால் புதியவர்களுக்கு உகந்ததல்ல. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து நெடுந்தூரம் கொண்டுவரப்படுவதால் பட்டினியோடு கடைக்கு வருகிறது. குறைந்தது ஐந்தாறாகக் கூட்டமாக வாழ வேண்டும். தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் கழிந்து, இயல்பான பாசி படிந்த பின்னரே விட வேண்டும். புத்தம்புதுத் தொட்டியில் விட்டால் சில நாட்களில் ஒவ்வொன்றாக இறக்கும்.

தங்கமீன் வளர்ப்போர் கவனிக்க: பெரிய ஒட்டுவாய்க் கெளுத்திகள் இரவில் தங்கமீன், ஏஞ்சல் போன்ற அகன்ற உடல் மீன்களின் மேல் ஒட்டி உடலின் வழுவழுப்பை உறிஞ்சிப் புண்ணாக்குவதுண்டு.

கடையில் எப்படி இனங்காண்பது?

குஞ்சுப் பருவத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். முதுகுச் செட்டையின் கதிர்களை எண்ணுவது ஒரு வழி. பத்துக்கு மேல் இருந்தால் அது பெரிதாக வளரும் டேங்க் கிளீனர் என்பதில் ஐயமில்லை. ஏழெட்டு மட்டும் இருந்தால் பிரிஸில்நோஸாக இருக்கலாம். ஆனால் அதே எண்ணிக்கையுள்ள வேறு பெரிய இனங்களும் உள. மீசை ஆணுக்கு வளர்ந்த பின்னரே தெளிவாகத் தோன்றும். ஆகவே மிக நம்பகமான வழி, தாய் தகப்பன் மீன்களைக் காட்டக்கூடிய வளர்ப்பாளரிடம் வாங்குவதே.

இதில் நம் இளைஞர்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பிரிஸில்நோஸ் வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிடும். ஒரு பக்கம் திறந்த மூங்கில் கணுவையோ சிரட்டையையோ அடியில் வைத்தால் ஆண் அதனுள் குடிபுகும். பெண் செம்மஞ்சள் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். தகப்பன் செட்டையால் விசிறியபடி ஒரு வாரமளவில் குஞ்சு பொரிக்கும்வரை காவலிருக்கும். கப்பியை எல்லோரும் வளர்க்கிறார்கள். சிறிதாகவே இருக்கும் பாசி மீனை வளர்ப்பவர் சிலரே.

நீரும் உணவும்

நமது மலை ஓடை நீர் பெரும்பாலும் உப்புகள் குறைந்த மென்னீர். தென் அமெரிக்கக் கெளுத்திகளுக்கு அது உவப்பானது. ஆனால் தேயிலை மலைக்குக் கீழுள்ள பீலியில் நீர் எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொப்புள நோய்க்குத் தெளிக்கப்படும் செம்பு கலந்த பங்கசுநாசினி மழையோடு வடிந்து வரும். செம்பு மீனுக்கு நஞ்சு. கெளுத்திகள் அதனைச் சிறிதும் தாங்கா. மருந்து தெளித்த நாட்களிலும் அடுத்த மழையின் போதும் தொட்டி நீரை மாற்றாதிருங்கள். கடையில் விற்கும் மீன் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. குளோரின் இட்ட குழாய் நீராயின் ஒருநாள் திறந்த வாளியில் வைத்த பின் ஊற்ற வேண்டும்.

மீன் பாசியை மட்டும் தின்று வாழும் என எண்ணிப் பட்டினி போடுவோரும் உளர். அவித்த பூசணித் துண்டு, வெள்ளரி, கங்குன் கீரை ஆகியவற்றை மாலையில் இட்டு, எஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுங்கள். நன்கு காய்ந்து நீரில் அமிழும் மரக்கட்டை ஒன்றும் கிடக்கட்டும். அதைச் சுரண்டுவது இம்மீனின் வழக்கம்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நீரே பச்சையாக மாறியிருந்தால் அதை எந்தக் கெளுத்தியும் தெளிவாக்காது. பாசிக்குக் காரணம் யன்னல் வெயிலும் மிதமிஞ்சிய தீனியும். தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, தீனியைப் பாதியாகக் குறைத்து, வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றிப் பாருங்கள். மீனும் கழிவு இடுகிறது, அக்கழிவும் பாசிக்கு உரமாகிறது. பெரிய டேங்க் கிளீனர் தான் தின்னும் பாசியைவிட அதிகமாக வளரச் செய்யும் என்றாலும் தகும்.

ஓடையில் விட்டால் என்ன?

"உயிரைக் கொல்லாமல் ஓடையில் விட்டோம்" என்று நல்ல மனத்தோடு சொல்வோரை நாம் சந்தித்திருக்கிறோம். இரக்கம் புரிகிறது. விளைவைப் பார்ப்போம். இம்மீன் காற்றை விழுங்கிச் சுவாசிக்கக்கூடியது. அழுக்கு நீரிலும் தப்பும். அதன் கவசத்தையும் முள்ளையும் தாண்டி அதை உண்ணும் மீன்கள் நம் நாட்டில் அரிது. மகாவலியின் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இது பெருகியிருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சென்னை, மதுரைப் பக்க நீர்நிலைகளிலும் கேரளத்திலும் வலையைக் கிழித்துக்கொண்டு ஏறுகிறது. மெக்சிகோவின் இன்பெர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவர்களின் வலைகளை இதுவே நிறைத்து, அவர்களது பிழைப்பைக் கெடுத்தது. ஆண் மீன்கள் முட்டைக்காகக் கரை மண்ணில் நீண்ட குகை தோண்டுவதால் கரைகளும் இடிகின்றன.

நமது ஓடைகளில் கல்லில் ஒட்டிப் பாசி சுரண்டும் மீன் ஏற்கெனவே இருக்கிறது. சிங்கள அயலவர் 'கல் பாண்டியா' என்பர்; இலங்கைக்கு மட்டுமே உரியது. குளிக்கப் போகும் பிள்ளைகள் எல்லோரும் அதை அறிவர். வேற்று மீன் வந்தால் அதே பாசிக்குப் போட்டி. சீமெந்துத் தொட்டியில் வளர்ப்போர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியில் வந்த வெள்ளம் போல் ஒன்று வந்தால், ஆற்றோரத் தொட்டி ஒரே இரவில் ஆற்றோடு சேர்ந்துவிடும். 2018 வெள்ளத்தில் கேரளத்து வளர்ப்புக் குளங்களிலிருந்து அந்நிய மீன்கள் தப்பியது இப்படித்தான். தொட்டியை மேட்டில் கட்டி, வலையால் மூடுங்கள்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட மீனை வைத்திருப்போர் முதலில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க முயலலாம். பெரிய தொட்டி உள்ள பாடசாலை அல்லது வளர்ப்பாளருக்குக் கொடுக்கலாம். எவரும் ஏற்கவில்லையென்றால், வேதனையின்றி உயிரை முடிப்பதே ஓடையில் விடுவதிலும் பொறுப்பான செயல் என்பது நமது கருத்து. கேகாலைப் பக்கம் கராம்புக்குப் பஞ்சமில்லை. பத்து லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி கராம்பு எண்ணெய் போதும். எண்ணெயைப் போத்தலில் வெதுவெதுப்பான நீரோடு நன்கு குலுக்கி, மீன் இருக்கும் வாளியில் முதலில் சிறிது ஊற்றுங்கள். மீன் மயங்கிச் சாய்ந்த பின் மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்று அரைமணி நேரமாவது கழிந்த பின் எடுத்துப் புதைக்கலாம். தொட்டி கழுவும் நீரையும் ஓடையில் கொட்ட வேண்டாம். முட்டையும் குஞ்சும் நீர்ச்செடித் துண்டும் அதில் போகும். கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்.